கதவின் கீழ் விளிம்பு

கறுப்பு வண்டி உள்ளே வந்தாலே கழுவுகிறவளுக்குப் பாடுதான். வெள்ளை வண்டிக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு, நாலு குறையை மூடிக்கொள்ளும். கறுப்பு எதையும் மூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் காய்ந்து வட்டம் போட்டாலும் ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

பல் டாக்டருடைய கறுப்புக் காரோடு மூத்தவள் காலை எட்டு மணியிலிருந்து மாரடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாளியில் சோப்பு நுரை, இன்னொன்றில் வெறும் தண்ணீர். கையுறை போன்ற பஞ்சுத் துணியை நுரையில் முக்கி ஒரு இழுப்பு, உடனே வெறும் தண்ணீரில் ஒரு அலசு. அழுக்கோடு இன்னொரு தடவை இழுத்தால் மண்துகள் கீறிவிடும். பிறகு இரும்புத்தூளைக் கரைக்கும் மருந்தை அடித்தாள். கதவுகளின் அடியில் ஊதா நிறம் வழிந்து இறங்கியது. அழுகின முட்டையைப் போல நாறும் அந்த மருந்து. கடைசியில் களிமண் போன்ற மெத்தென்ற கட்டியைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து உடம்பெங்கும் உருட்டினாள். வலது கையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு வண்டியைத் தடவினாள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் கைக்குத் தெரியும். இந்தக் கடையில் அந்த வித்தை அவள் கொண்டுவந்ததுதான்.

பையிலிருந்து கையை எடுத்தபோது விரலிடுக்குகள் வெளுத்துப் பிளந்திருந்தன. தண்ணீரில் கை வைக்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. கழுவுகிறவள் தண்ணீரில் கை வைக்காமல் வேறு எங்கே வைப்பாள்? கால் மட்டும் வாழ்ந்ததா என்றால் அதுவும் இல்லை. இடது பூட்ஸ் குதிகாலில் பிளந்து, நடக்கும்போதெல்லாம் சளக் சளக் என்று தண்ணீரைக் குடித்துத் துப்பியது. இந்தத் தண்ணீரை விட்டு வெளியே வர அவளுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் அவளுடைய ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள்.

எதிரே கண்ணாடி அறை. உள்ளே ஏசி, கூரையெல்லாம் குழல் விளக்கு, முகம் பார்க்கலாம் போன்ற தரை. அதற்குள் கறுப்புக் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, சக்கரம் வைத்த குட்டி ஸ்டூலில் உருண்டு உருண்டு வேலை பார்ப்பவள்தான் சின்னவள், கொழுந்தனின் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளை இங்கே கூட்டிவந்து, "என் கூடப் பொறந்தவ மாதிரி சார், நான் கேரண்டி" என்று சூப்பர்வைசரிடம் சொல்லி வேலை வாங்கித் தந்தது மூத்தவளேதான். அதை நினைக்கும்போதெல்லாம் தன் வாயிலேயே ரெண்டு போட்டுக்கொள்ளலாம் போல இருக்கும்.

"டாக்டர், மூணு வழி இருக்கு," என்று மேசையருகில் சூப்பர்வைசர் ஆரம்பித்திருந்தான். "மெழுகு பூசலாம். பளபளப்பு பிரமாதமா வரும். ரெண்டு மாசம், நாலு மழை, அவ்வளவுதான் ஆயுசு. பிலிம் ஒட்டலாம். கல்லு தெறிச்சாலும் தாங்கும். ஆனா விலையைக் கேட்டா நீங்க எனக்குப் பல்லைப் புடுங்கிடுவீங்க."

டாக்டர் சிரித்தார். "அந்த மூணாவது?"

"செராமிக் கோட்டிங். பூசினதும் கண்ணாடி மாதிரி இறுகிடும். அழுக்கு ஒட்டாது, தண்ணி நிக்காது. கல்லடிக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை, பொய் சொல்ல மாட்டேன்."

"பல்லுக்கு எனாமல் மாதிரின்னு வச்சுக்கலாமா?"

"அப்படியே! ஆனா எனாமல் இருக்குன்னு துலக்காம விட முடியுமா? ஏழு நாள் தண்ணி படக்கூடாது. அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மெல்லிசான ஷாம்பு, மெத்துத் துணி. பிரஷ் சுத்துற மெஷின்ல விட்டுடாதீங்க. காக்கா எச்சம் போட்டா அன்னைக்கே தொடைச்சிடணும். அஞ்சு வருஷம் வாரண்டி, டாக்டர். சர்டிபிகேட் வாங்கின ஆளு கை வச்சாதான் அது செல்லும். நம்மகிட்ட இருக்காங்க, பாருங்க."

அவன் காட்டிய இடத்தில், கண்ணாடி அறைக்குள் சுவரில் சட்டம் போட்ட சர்டிபிகேட் தொங்கியது. மூலையில் சின்னவளின் போட்டோ, பல் தெரியச் சிரிப்பு. டாக்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தார். பக்கத்திலேயே வாளியோடு நின்றவளை அவர் தாண்டிப் போனார், சோப்பு நுரை செருப்பில் படாமல் கவனமாக.

மூத்தவளுக்கு அடிவயிறு எரிந்தது. பொறாமைதான். வேறு நல்ல பேர் சொல்லி அதை மூட அவளுக்கு நேரமும் இல்லை. ஏழு வருஷம் இங்கே குப்பை கொட்டியது யார்? கோட்டிங் கம்பெனிக்காரர்கள் நாலு நாள் பயிற்சிக்கு ஒரு ஆளைக் கேட்டபோது, "சின்னவ போகட்டும், கை நடுங்காத வயசு, பாட்டில்ல எழுதியிருக்கறதையும் படிச்சுக்குவா" என்று சூப்பர்வைசர் ஒரே வரியில் முடித்துவிட்டான். போனவள் சட்டமும் சம்பள உயர்வுமாகத் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து வீட்டிலும் காற்று திசை மாறிவிட்டது. மாமியார் சாயங்காலம் சின்னவளுக்கு டீயைக் கையில் கொண்டுவந்து கொடுப்பாள். "ஏசியிலேயே இருந்துட்டு வர்றா, உடம்பு சூடா ஏதாவது கேக்கும்." காலையிலிருந்து குளிர்ந்த தண்ணீரில் ஊறிவிட்டு வந்தவள் தன் டீயைத் தானே ஊற்றிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட சின்னவளின் கைதான் மூத்தவளின் கண்ணை உறுத்தும். தட்டை நீட்டும்போது பார்ப்பாள். விரல் ஒவ்வொன்றும் கல்யாணப்பெண்ணின் விரல் மாதிரி மழமழவென்று இருக்கும்.

டாக்டர் செராமிக்கையே எடுத்துக்கொண்டார். பாலிஷ்காரர் மறுநாள் மதியம் வரை மெஷின் வைத்துத் தேய்த்துக் கறுப்பை எண்ணெய்க் கிணறு மாதிரி ஆக்கினார். அதன் பிறகு வண்டி கண்ணாடி அறைக்குள் போனது. அன்றைக்கு சின்னவளுக்கு அது இரண்டாவது வண்டி. முதலாளி அவசரம் என்று சொல்லியிருந்தார்.

பூசுவது பார்க்கப் பெரிய வேலையாகத் தெரியாது. துணி சுற்றிய சின்னக் கட்டையில் பத்துச் சொட்டு, குறுக்கும் நெடுக்குமாக ஒரு முழம் இடத்தில் தடவல். கொஞ்ச நேரத்தில் எண்ணெயில் வெயில் பட்ட மாதிரி நிறம் நிறமாக மினுங்கும். அந்த மினுக்கம் எழும் நேரத்தில் துடைத்துவிட வேண்டும். சீக்கிரம் துடைத்தால் மருந்து துணியோடு வந்துவிடும், தாமதமானால் இறுகிவிடும். விட்டுப்போன இடம் கருந்திட்டாக நிற்கும். ஒரு மணி நேரத்துக்குள் கண்ணில் பட்டால் மேலே ரெண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் போய்விடும். மறுநாள் பார்த்தால் மெஷின் போட்டுச் சுரண்டி, அந்தக் கதவு முழுக்க முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரெண்டு வருஷமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்றே மூத்தவள் இதெல்லாம் கற்றிருந்தாள்.

சாயங்காலம் நாலரைக்கு அறையின் தரையைத் துடைக்க அவளைக் கூப்பிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் மருந்து நெடி மூக்கில் ஏறியது. சின்னவள் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளியே ஓடினாள். நடையில் அவள் இருமுவது கேட்டது. ஏசியில் இருக்கிறவளுக்கு இருமல் வேறு கேட்கிறதா என்று நினைத்துக்கொண்டே மூத்தவள் மண்டியிட்டுத் தரையைத் துடைத்தாள். பின்கதவுக்கு நேராக வந்து நிமிர்ந்தபோது அதைப் பார்த்தாள்.

கதவின் கீழ் விளிம்பு உள்பக்கமாக வளையும் இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குத் திட்டு. நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தரையில் உட்கார்ந்தவளுக்குத் தப்பாது. மினுக்கம் இன்னும் முழுசாகச் செத்திருக்கவில்லை.

ஸ்டூலின் மேல் பாட்டில் இருந்தது, துணி இருந்தது. அரை நிமிஷ வேலை. ஒரு குரல் கொடுத்தாலும் போதும். நடையில் சூப்பர்வைசர் சின்னவளிடம் பேசுவது கேட்டது. "நாளைக்கு டாக்டர் வண்டி எடுக்க வர்றப்ப அவர்கூட ஒரு போட்டோ எடுத்துக்கலாம். தலையைக் கொஞ்சம் சீவிட்டு வா. கடை வாசல்ல பெரிசாப் போடப் போறோம்."

மூத்தவள் திட்டை இன்னொரு முறை பார்த்தாள். தரைத்துணியை வாளிக்குள் போட்டாள். எழுந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு, கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சின்னவள் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். "கண்ணு எரியுதுக்கா. ரெண்டாவது வண்டி பூசும்போது எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சது."

"போய்த் தண்ணியில கழுவு, சரியாயிடும்," என்றாள் மூத்தவள். அவள் தோளை நகர்த்தவும் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டியை வெயிலில் நிறுத்தினார்கள். சின்னவள் தலை சீவிக்கொண்டு வந்திருந்தாள். டாக்டர் சுற்றிச் சுற்றி வந்து மெச்சிக்கொண்டார். போட்டோவும் எடுத்தாகிவிட்டது. எல்லாம் முடிந்து சாவியை வாங்கியவர், டயரைப் பார்க்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"இது என்னங்க? டேபிளைத் தொடைக்காம எழுந்து போன மாதிரி இருக்கு."

சூப்பர்வைசர் மண்டியிட்டான். பாலிஷ்காரர் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். சின்னவள் குனிந்து, நகத்தால் தொட்டுப் பார்த்தாள். அது கல்லாகியிருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நேத்து நீங்கதானேக்கா கீழ உக்காந்து தரையைத் தொடைச்சீங்க? உங்க கண்ணுல படலையா?" குற்றம் சொல்லும் குரலில் அவள் கேட்கவில்லை. இருட்டில் சுவரைத் தேடுகிறவள் போலக் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? நான் கழுவுறவ," என்றாள் மூத்தவள். சொல்லும்போது நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்று நாள் கழித்து முதலாளி வந்துபோனார். சூப்பர்வைசர் மூத்தவளைக் கூப்பிட்டான். "நாளையிலேருந்து நீ உள்ளே போ. அவ வெளியே கழுவட்டும். உனக்குக் கண்ணு கூர்மை, ஒரு கீறல் தப்பாதுன்னு முதலாளிகிட்ட நான்தான் சொன்னேன்."

மூத்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப சர்டிபிகேட், சார்?"

"அது அப்படியே தொங்கட்டும். பேரு அவளோடது, கை உன்னோடது. முகமூடி போட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"சம்பளம்?"

"சர்டிபிகேட் இல்லாதவளுக்கு அந்தச் சம்பளம் எப்படி வரும்? இப்ப வாங்கறதுதான். அவளுக்கும் கழுவுற சம்பளம்தான் இனிமே. டாக்டர் வண்டியைத் திரும்பப் பூசின நஷ்டம் இருக்கு இல்ல."

இருந்தாலும் தண்ணீர் இல்லை, அது போதும் என்று மூத்தவள் நினைத்தாள். மறுநாள் புது ஆளாய் உள்ளே போய் முகமூடியை எடுத்து மாட்டினாள். வாரில் சின்னவளின் தலைமுடி ஒன்று சிக்கியிருந்தது. நெடி தடையே இல்லாமல் உள்ளே வந்தது. கழற்றித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்துக்கு ஒன்றாக இருந்த வடிகட்டிகள் பழுப்பேறிக் கிடந்தன. அவற்றின் மேல் சின்னவளின் கையெழுத்தில் மாட்டிய தேதி இருந்தது. ஒன்பது மாசம் ஆகியிருந்தது. இரண்டு மாசத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அட்டைப் பெட்டியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

"சார், இந்த வடிகட்டி செத்துப்போச்சு."

"அவளும் இதையேதான் நாலு தடவை கேட்டா," என்றான் சூப்பர்வைசர் போனைப் பார்த்துக்கொண்டே. "அடுத்த மாசம் பார்க்கலாம்."

முதல் வண்டி முடிவதற்குள் அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இரண்டாவது வண்டியும் கறுப்பு. மினுக்கம் எழுகிறதா, அடங்குகிறதா, ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணீரைத் துடைக்கவும் முடியாது, கையுறையெல்லாம் மருந்து. விரலிடுக்குப் பிளவுகளில் வியர்வை இறங்கிக் காந்தியது. கண்ணாடிக்கு வெளியே சூப்பர்வைசர் யாரோ ஒரு வாடிக்கையாளருக்குச் சுவரைக் காட்டி, பிறகு அவளைக் காட்டினான். வந்தவர் போட்டோவைப் பார்த்தார், முகமூடியைப் பார்த்தார், திருப்தியாகத் தலையசைத்தார். அவளும் தலையசைத்தாள்.

நாலரைக்குத் தரை துடைக்க சின்னவள் வந்தாள். காலில் மூத்தவளுடைய பழைய பூட்ஸ். இடது கால் சளக் சளக் என்றது. இந்த நாலு நாளாக வீட்டிலும் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சின்னவள் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டே பின்கதவுக்கு நேராக வந்தாள். துடைக்கும் சத்தம் நின்றுவிட்டது.

மூத்தவள் கையில் கட்டையோடு அப்படியே இருந்தாள். பத்து எண்ணும் நேரம் இருக்கும்.

"அக்கா, இங்க ஒண்ணு நிக்குது. இன்னும் இறுகல. ரெண்டு சொட்டு விட்டுத் தொடைச்சிடுங்க."

மூத்தவள் உருண்டு வந்து குனிந்தாள். ஸ்டூலின் உயரத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. இறங்கித் தரையில் மண்டி போட்டாள். இரண்டு பேரின் தலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சின்னவளின் வெளுத்து ஊறிய விரல் திட்டைக் காட்டியது. மூத்தவள் சொட்டு விட்டுத் துடைத்தாள். அது போய்விட்டது.

"கீழ உக்காந்தா நல்லாத் தெரியுதுக்கா," என்றாள் சின்னவள்.

பிறகு அவள் எழுந்து, பிளந்த பூட்ஸ் தரையில் விட்டிருந்த ஈரத் தடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே பின்னால் நடந்து, கதவுக்கு வெளியே போனாள். சுவரில், சட்டத்துக்குள், அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.