காயாத ஃபில்டர்

எங்கள் வீட்டு வாக்யூம் கிளீனர் சரியாக எட்டு நொடி ஓடியது. பிறகு மூச்சுத் திணறுவது போல ஒரு சத்தம், கைப்பிடியில் சிவப்பு விளக்கின் மூன்று சிமிட்டல், அவ்வளவுதான். ஒயர் இல்லாத மெஷின், பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் ஓடும். பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகிப் பார்க்கும் ஆறுதல்கூடக் கிடையாது.

நானும் என் மனைவியும் பேச்சை நிறுத்தியதும் அதே சமயத்தில்தான். அவளுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளியிருக்கும் ஊரில் வேலை. பத்து நாள் கழித்து, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேலாளர் போன் செய்வார், சரி அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். "என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். அதை எந்தக் குரலில் சொன்னேன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பதினாறு வருடக் குடித்தனத்தில் இவ்வளவு நாள் வாய் மூடி இருந்ததில்லை. சாப்பாடு மேஜைக்கு வந்தது, துணி அலமாரிக்குப் போனது, பேச்சு மட்டும் இல்லை. ஆகவே நான் மெஷினைக் கையில் எடுத்தேன்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். இரவு முழுக்க சார்ஜ் போட்டேன். குழாயைக் கண்ணில் வைத்து ஜன்னல் பக்கம் பார்த்தேன், மறுமுனையில் வெளிச்சம் தெரிந்தது. உருளும் பிரஷ்ஷில் சுற்றியிருந்த நூலையும் அவள் தலைமுடியையும் கத்தரியால் வெட்டி எடுத்ததில், போன வருடம் தொலைந்த என் சட்டைப் பொத்தான் கிடைத்தது. அந்தச் செய்தியைச் சொல்லக்கூட ஆளில்லை. கடைசியாக ஃபில்டர். கன்னங்கரேல் என்று இருந்தது. காலையில் அதைக் கழுவிச் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். ஏழு மணிக்குத் திரும்பி வந்து மாட்டினால் அதே எட்டு நொடி. தொட்டுப் பார்த்தேன், ஈரம். பகலெல்லாம் வெயில் கொளுத்தியிருந்தது. மட்டமான சரக்கை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்து, மறுநாள் காலை திரும்பவும் கழுவினேன். இப்படியே ஒரு வாரம். கையேடு அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. அதைப் பிரித்துப் படிப்பது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெட்கத்தை விட்டு சர்வீஸ் கடைக்குப் போன் போட்டேன்.

"ஃபில்டர் கழுவினீங்களா சார்?" என்றார் மெக்கானிக்.

"தினமும்."

"தினமுமா? மாசம் ஒரு தடவை போதும் சார். கழுவினா முழுசா ஒரு நாள் காயணும். ஈரத்தோட போட்டா நின்னுடும்."

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனால், அவள் குழாயடியில் நின்று சோப்புப் போட்டு ஃபில்டரைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயும் கழுவுறியா?" ஒன்பது நாளில் அவளிடம் என் முதல் வார்த்தை.

"நீங்க பேருக்கு நனைச்சு வெச்சிட்டுப் போறீங்க. டெய்லி நாலு மணிக்கு ஆபீஸ்லேர்ந்து வந்து நான்தான் ஒழுங்காக் கழுவுறேன். இன்னிக்கு லீவு, அதான் இப்பவே."

அவள் வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. எனக்கும் வந்தது. இரண்டு பேரும் அடக்கிக்கொண்டோம். அவள் தண்ணீரை உதறி ஃபில்டரை ஜன்னலில் வைத்தாள்.

"அன்னிக்கு உன் இஷ்டம்னு சொன்னேன்ல," என்றேன். "பொய். நீ போறது எனக்குப் பிடிக்கல. போகாதேன்னு சொல்லவும் வாய் வரல."

"இதைச் சொல்ல ஒம்பது நாளா?"

"ஆமா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலைல ஒம்பதரை வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்று முழுவதும் பால், கேஸ், பக்கத்து வீட்டு நாய் என்று சின்னச் சின்னதாகப் பேசிக்கொண்டோம். வேலையைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு பேருமே அரை நாள் விடுப்பு. கடிகாரத்தைப் பார்த்து ஒன்பதரைக்கு அவளே ஃபில்டரை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். நான் மனதுக்குள் எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. மெஷின் நிற்கவில்லை. கூடம், படுக்கையறை, கட்டிலுக்கு அடியில், பத்து நாள் தூசி மொத்தத்தையும் விடாமல் இழுத்தாள். என் நாற்காலிக்குக் கீழே வந்தபோது காலைத் தூக்கிக்கொண்டேன். என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்க வேண்டும். அந்த இரைச்சலில் கத்தித்தான் கேட்க முடியும்.

பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் அவள் போன் ஒளிர்ந்து அதிர்ந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் மூலையைத் துழாவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன். நான்கு முறை, ஐந்து முறை அடித்தது.

எழுந்து போய் போனை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வலது கை விரல் இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.