அந்தோனியார் வளைவில் பச்சை விளக்கு

பதுளை நகருக்குள் நுழைகிற அந்தச் சந்தியில் வீதிச் சென்சர்கள் கெட்டுக் கிடந்தவரை தோட்டத்துப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஷுக்ரி அவற்றை நல்லபடியாக மாற்றிக் கொடுத்த பிறகுதான் வில்லங்கமே தொடங்கியது.

விஷயம் இதுதான். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் ஒடுங்கிய பாதை ஒன்று அங்கே பிரதான வீதியில் வந்து சேர்கிறது. தாருக்கு அடியில் கம்பிச் சுருள்கள் புதைத்திருக்கிறார்கள். மேலே வாகனம் வந்து நின்றால் அந்தக் கம்பி அறிந்து, ஓரத்துப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி பச்சை விளக்கைப் போடும். போன மழைக்குத் தண்ணீர் இறங்கி நான்கு சுருளும் கெட்டுவிட்டன. கண் தெரியாமல் போன பெட்டி, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தோட்டத்துப் பாதைக்குச் சுற்றுக்கு ஒருமுறை பச்சை கொடுத்துக்கொண்டிருந்தது. நகரத்துக்காரர்கள் காலிப் பாதையைப் பார்த்துக்கொண்டு சிவப்பில் நின்று கொதித்தார்கள். முறைப்பாடு எழுதினார்கள். நகரத்துக்காரர்கள் எழுதினால் வேலை நடக்கும்.

ஒப்பந்தக் கம்பெனி ஷுக்ரியை அனுப்பியது. பண்டாரவளைக்காரன், முப்பது வயது, வேலையில் படு சுத்தம். நான்கு சுருளையும் வெட்டியெடுத்துப் புதிது போட்டான். இனி வாகனம் வந்தால்தான் தோட்டத்துப் பாதைக்குப் பச்சை. நியாயம்தானே? ஆனால் எத்தனை வாகனம் இறங்கி வந்தாலும் அந்தப் பாதைக்குச் சிவப்பு மாறவே இல்லை. திரும்பப் போய் அந்தப் பாதையின் சுருளை மட்டும் மறுபடி மாற்றினான். தன் பிக்கப்பைச் சுருளுக்கு மேலே, விளக்கடி வெள்ளைக் கோட்டில் நிறுத்திப் பார்த்தான். பத்து எண்ணுவதற்குள் பச்சை விழுந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். அது வியாழக்கிழமை. திங்கட்கிழமை மேற்பார்வையாளர் பஸீல் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு தரம் மாத்தியாச்சி ஷுக்ரி. இன்னொரு முறைப்பாடு வந்திச்செண்டா அந்த ரோட்டு வாயையே மூடப்போறாங்களாம்.”

“மூடினா அந்தப் பக்கத்து ஆக்கள் எப்பிடி சேர் வார?”

“சுத்தி வரட்டும். நாப்பது நிமிஷம் கூடப் போகும். வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்கிறன். அதுக்குள்ள சரி செஞ்சா சரி.”

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கே ஷுக்ரி சந்தியில் இருந்தான். மீட்டரை வைத்துப் பார்த்தான். சுருளில் ஒரு பிழையும் இல்லை. பிழை இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். பால் விடாத பிளேன்டி நிரப்பிய பிளாஸ்க்கோடு பாதையோரத் திட்டில் உட்கார்ந்து, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று காத்திருந்தான்.

ஆறு இருபதுக்கு நீல நிற ஆட்டோ ஒன்று மேலிருந்து இறங்கி வந்தது. கோட்டுக்கு முப்பது அடி முன்னாலேயே, வளைவில், கண்ணாடிக் கூட்டுக்குள் நிற்கும் அந்தோனியார் சிலைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. ஓட்டி வந்தவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பின்னால் கம்பளிச் சட்டையும் தலையில் துண்டுமாக இருந்த அம்மா கையை வெளியே நீட்டிக் கண்ணாடியைத் தொட்டு, கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்த பிறகும் ஆட்டோ அசையவில்லை. அதற்குப் பின்னால் ஒரு வேன், ஒரு கொழுந்து லொறி, இன்னும் இரண்டு ஆட்டோ. எல்லாம் வரிசையாக நின்றன. கோட்டுப் பக்கம் காக்கா குருவிகூட இல்லை.

ஷுக்ரிக்கு விளங்கிவிட்டது. எழுந்து ஓடினான்.

“ஐயா, ஏன் இங்கயே நிக்கிறீங்க? கோடு அங்க ஈக்கி!”

“தெரியும் தம்பி,” என்றார் அவர். பெயர் அந்தோனிப்பிள்ளை, அறுபதை எட்டியவர். “அங்கன வண்டி நிக்காதுங்க. சரிவு. இங்கதான் மட்டம்.” கொஞ்சம் தயங்கி, “அதோட, அந்தோனியார தாண்டிப் போயி எப்படிங்க நிக்கிறது?” என்றார்.

அந்த வளைவின் கதை தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் பிரேக் அறுந்து வந்த கொழுந்து லொறி ஒன்று அங்கேதான் மண்மேட்டில் முட்டி நின்றது. உள்ளே இருந்த பதினாறு பேருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. சிலை வைத்தார்கள். அன்றிலிருந்து இறங்கி வருகிற எந்த வண்டியும், வேதக்காரக் கிறிஸ்தவர் வண்டியோ சைவக்காரர் வண்டியோ, அங்கே நிற்காமல் போனதில்லை. நகரத்து முஸ்லிம் வியாபாரிகளின் வேன்களும் நிற்கும். முன்னால் நிற்கிறவனை ஏறி மிதித்துக்கொண்டா போக முடியும்? பாதைக்குப் படம் வரைந்த கொழும்புக்காரனுக்கு இது ஒன்றும் தெரியாது. ஷுக்ரியும் இரண்டு தடவையும் பிக்கப்பில் கீழிருந்து வந்து, கீழேயே வேலை முடித்துப் போனவன்.

“செவப்புலயே போயிரலாமே? மத்தவங்க போறாங்க போல,” என்றான்.

“இவரு போக மாட்டாரு தம்பி,” என்றாள் பின்னாலிருந்த அம்மா, அவர் மனைவி அகஸ்டினா. “நான் உள்ள இருக்கப்ப போகவே மாட்டாரு.” அவள் இடது முன்னங்கையில் நரம்பு புடைத்து, கட்டுப் போட்டிருந்தது. “ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில மெஷின்ல படுக்கணும். ரத்தம் சுத்தம் பண்றாங்க, செவ்வாயும் வெள்ளியும். பிந்துனா அடுத்த ஆள படுக்க வச்சிருவாங்க. அவங்களும் பாவம், காத்துக்கிட்டுத்தானே இருக்காங்க. போன வெள்ளி பொலிஸ்காரரு வந்து கைகாட்டுற வரைக்கும் இங்கயே நின்னு, அப்படித்தான் போயிருச்சு. சாயந்தரம் நாலு மணி வரைக்கும் மூச்சு முட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

போன வெள்ளி. அவன் கையெழுத்துப் போட்டதற்கு அடுத்த நாள். ஷுக்ரிக்கு முகம் சுண்டிப்போனது. நாலு மணிவரை ஒரு மனுஷி மூச்சு முட்டி உட்கார்ந்திருக்க, தான் பண்டாரவளையில் நிம்மதியாக ஜும்ஆத் தொழுதுவிட்டு வந்து சோறு தின்றதை நினைத்து வெட்கப்பட்டான்.

“மெதுவா உருட்டுங்க ஐயா,” என்று சொல்லி ஆட்டோவுக்கு முன்னால் போய், இரண்டு கையையும் கொடுத்து, பின்னோக்கி நடந்தபடியே தாங்கிக்கொண்டு இறங்கினான். கோட்டுக்கு வந்ததும் தோளை முட்டுக் கொடுத்து நிறுத்தினான். சில விநாடிதான், பச்சை விழுந்தது. அகஸ்டினா விளக்கைப் பார்த்து, ஏதோ சொந்தக்காரரைக் கண்டதுபோல் சிரித்தாள்.

அன்றைக்கே பஸீலைக் கூப்பிட்டான். சிலையடியில் இன்னொரு சுருள் போடப்போகிறேன், பெட்டியில் ஒரு இணைப்பு காலியாக இருக்கிறது என்றான்.

“படத்தில அப்பிடி இல்லையே?”

“படத்தில அந்தோனியாரும் இல்ல சேர்.”

“மிச்சக் கம்பி இருந்தா போடு. பிழைச்சா உன்ட கையெழுத்து, என்ட இல்ல,” என்றார் பஸீல்.

புதன்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை. சந்தி வெறிச்சோடிக் கிடந்தது. ஷுக்ரி சிலைக்கு நேரே தாரை வெட்டி, கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி, பசை ஊற்றி மூடினான். பசை காயும்வரை மேலிருந்து வந்த வண்டிகளை ஒவ்வொன்றாகக் கைகாட்டி ஓரத்தால் அனுப்பினான். நின்று கும்பிட வழியில்லாமல் போனவர்கள் எல்லாரும் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பஸீல் சொன்னபடி வந்து நின்றார். கையில் கோப்பு, அதில் பாதையை மூடச் சொல்லும் கடிதமும் தயாராக இருந்தது. ஆறு இருபதுக்கு நீல ஆட்டோ வந்து சிலையடியில் நின்றது. அந்தோனிப்பிள்ளை சிலுவை அடையாளம் போட்டார். அகஸ்டினா கண்ணாடியைத் தொட்டுக் கண்ணை மூடினாள். அவள் கண்ணை மூடியதுமே விளக்குப் பச்சையாகிவிட்டது.

“வந்திருச்சு!” என்று ஷுக்ரி துள்ளினான்.

ஆட்டோ அசையவில்லை. அகஸ்டினா கண் திறக்கவில்லை. அவள் கண் திறக்காமல் அந்தோனிப்பிள்ளை எப்படி வண்டியை எடுப்பார்? பின்னால் வேன்காரன் ஹோர்னை அமத்தினான். அதற்குப் பின்னால் லொறிக்காரனும் அமத்தினான். பச்சை பத்து விநாடி நின்றது, மஞ்சளானது, சிவப்பானது. அகஸ்டினா அப்போதுதான் கண்ணைத் திறந்து, “அடடா,” என்றாள்.

“பார்த்தியா?” என்றார் பஸீல். “பச்சை போட்டாலும் போக மாட்டாங்க. இனி மூன்டு நிமிஷம் எல்லாரும் நிக்கணும். நீ செய்யிறத செஞ்சிட்டாய் ஷுக்ரி. மூடிருவோம்.” பேனாவை எடுத்தார்.

“ரெண்டு நிமிஷம் தாங்க சேர்.”

ஷுக்ரி ஓரத்துப் பெட்டியைத் திறந்தான். வண்டி வந்ததும் எத்தனை விநாடி பொறுத்துப் பச்சை கேட்க வேண்டும் என்று அதில் போட முடியும். பூச்சியம் என்றிருந்தது. அதில் ஓர் எண்ணைப் போட வேண்டும். எந்த எண் என்பதுதான் தெரியவில்லை. ஆட்டோவுக்கு ஓடினான்.

“அம்மா, நீங்க சொல்ற செபம் எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“யாரு கண்டா? மனசுக்குள்ளதானே சொல்றேன்.”

“இன்னொருக்கா சொல்லுங்கம்மா. எனக்குக் கேக்கிற மாதிரி. நான் நேரத்த எடுத்துக்கிறன்.”

அகஸ்டினா முன் இருக்கையைப் பார்த்தாள். சொல்ல அவளுக்கு விருப்பமில்லை என்பது தெரிந்தது. ஆனால் பின்னால் நிற்கிற வரிசையையும் பார்த்தாள். பஸீலின் கையிலிருந்த காகிதத்தையும் பார்த்தாள். கண்ணாடியைத் தொட்டாள். ஷுக்ரி கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தான்.

“புனித அந்தோனியாரே,” என்று மெதுவாகத் தொடங்கினாள். “எனக்குன்னு ஒண்ணும் கேக்கல. ஆண்டவரு கூப்பிட்டா போறேன். ஆனா போற அன்னைக்கு வீட்டுல இருந்தே போயிரணும். இவரு என்னைய ஏத்திக்கிட்டு எறங்கிட்டு, திரும்பி வெறும் வண்டிய ஓட்டிக்கிட்டு மேல ஏறக் கூடாது. அந்த ஏத்தத்துல இவரு தனியா ஓட்ட மாட்டாரு. பின்சீட்ட பாத்துக்கிட்டே எங்கயாச்சும் விட்டுருவாரு. அத மட்டும் பாத்துக்கங்க. ஆமென்.”

ஷுக்ரி கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோயிருந்தான்.

அந்தோனிப்பிள்ளை திரும்பவில்லை. ஒரு துணியை எடுத்து முன் கண்ணாடியை உள்பக்கமாகத் துடைத்தார். அதில் ஓர் அழுக்கும் இல்லை. ஒன்றரை வருஷமாக வாரத்துக்கு இரண்டு தடவை அதே இடத்தில் அதே மனுஷியோடு நின்றிருக்கிறார். அவள் சிறுநீரகத்துக்குத்தான் வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தார்.

“நான் வேற என்னவோன்னு நெனச்சேன்,” என்றார்.

“சரி, நீங்க இவ்வளவு நாளா என்னத்த கேட்டீங்க?”

அவர் துணியை மடித்து வைத்தார்.

“ஏழு மணிக்கு முன்னுக்கு போயி சேரணும்னு. இந்த வெளக்கு சுருக்கா விழணும்னு. வேற என்னத்த கேக்குறது?”

அகஸ்டினா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது; இரண்டையும் அதே துண்டால் துடைத்தாள். ஹோர்ன் அடித்த வேன்காரன் இறங்கி வந்து, என்ன நடக்கிறது என்று விளங்காமல், சும்மா இருக்கட்டும் என்று தானும் சிலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

“எத்தின விநாடி?” என்று பஸீல் கேட்டார்.

ஷுக்ரிக்கு இன்னொரு தடவை சொல்லச் சொல்ல வாய் வரவில்லை. பெட்டிக்குப் போய் முப்பது என்று போட்டான். பிறகு யோசித்து, முப்பத்தைந்து ஆக்கினான். மறுபடி பச்சை விழுந்தது. பின்னால் ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. நீல ஆட்டோ மெதுவாகச் சரிவில் இறங்கி, கோட்டைத் தாண்டி, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. மணி ஆறு முப்பது.

அடுத்து வந்த ஆட்டோக்காரன் நின்றான், கும்பிட்டான், தலை நிமிர்ந்தான், பச்சையைக் கண்டான், போனான். அதற்கு அடுத்து வந்த லொறியும் அப்படித்தான். பஸீல் ஆறு வண்டி வரைக்கும் பார்த்துவிட்டு, மூடச் சொல்லும் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “புத்தகத்தில எழுது,” என்றார்.

பெட்டிக்குள் தொங்கும் பராமரிப்புப் புத்தகத்தில் ஷுக்ரி எழுதினான்: தோட்டத்துப் பாதை, புதிய சுருள், தாமதம் முப்பத்தைந்து விநாடி. காரணம் என்றிருந்த கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பஸீல் எட்டிப் பார்த்தார்.

“சரிவு எண்டு போடு,” என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “குறைக்க வாணாம் எண்டும் போடு.”