கேட்டெழுத்து

வருஷச் சோதனைக்கு வந்த ஸ்கூல் இன்ஸ்பெக்டருக்கு இவ்வளவு பெரிய மீசை இருக்கும் என்று நேசபாய் டீச்சர் நினைத்தே பார்க்கவில்லை. மேலுதடு அடியோடு மறைந்திருந்தது; கீழுதடும் பாதிதான் தெரிந்தது. முன்வரிசையில் குளோரி கழுத்தை நீட்டி அவர் வாயைத் தேடிக்கொண்டிருந்தாள்.

குளோரிக்குக் காது கேட்காது. புதுக்கடைப் பக்கத்து அந்த மிஷன் பள்ளியில் இதை நம்பியது நேசபாய் ஒருத்திதான். தலைமையாசிரியர் ஜெபதாஸுக்கு அவள் மந்தம். அதுவும் பாடம் நடக்கும்போது வாய் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மந்தம். வாய் பார்க்கிறாள்தான், பார்த்துத்தான் படிக்கிறாள் என்று சொல்லிச் சொல்லி நேசபாய்க்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போயிற்று. பின்னால் நின்று கூப்பிட்டுப் பாருங்கள் என்றாள். கூப்பிட்டார். பிள்ளை திரும்பவில்லை.

"அகம்பாவத்தப் பாத்தியளா டீச்சர்!" என்றார் அவர். இந்த மனிதரிடம் பேசுவதைவிடச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

குளோரி ஏற்கெனவே இரண்டு முறை சோதனையில் தோற்றிருந்தாள். தோற்கிற பிள்ளைகள் கூடினால் பள்ளிக்குச் சர்க்கார் தரும் கிராண்டுப் பணம் குறையும். இந்தச் சோதனையிலும் தோற்றால் பெயரை வெட்டிவிடுவேன், கயிறு திரிக்கப் போகட்டும் என்று ஜெபதாஸ் முடிவாகச் சொல்லிவிட்டார். நேசபாய் வருஷம் முழுக்கப் பள்ளி விட்ட பிறகு அவளை எதிரே உட்கார்த்தி, உதட்டைக் காட்டியே சொல்லிக்கொடுத்தாள். பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். மாடு என்றால் பாடு என்று எழுதிவைப்பாள். அதனால் மகரம் வந்தால் நேசபாய் தன் மூக்கைத் தொட்டுக் காட்டுவாள். அதன்பிறகு தப்பு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் மீசைக்குள்ளிருந்து ஒரு சொல்லைச் சொன்னார். மற்ற பிள்ளைகளின் குச்சிகள் சிலேட்டில் ஓடின. குளோரி நேசபாயைப் பார்த்தாள். நேசபாய் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து, மூக்கைத் தொட்டாள். குளோரி 'மரம்' என்று அழகாக எழுதினாள்.

"எந்தா டீச்சரே, மூக்குல கைய வச்சு ஒரு சைகை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

நேசபாய் குளோரியைக் காட்டினாள். "சார், அவளுக்குச் செவி கேக்காது. என் வாயப் பாத்துத்தான் எழுதுவா. நீங்க சொல்லுங்க, நான் உதட்டால மட்டும்..."

"இதுக்குப் பேரு கேட்டெழுத்து. கேட்டு எழுதணும். பாத்து எழுதினா அது களவு."

ஜெபதாஸ் நேசபாயை வராந்தாவுக்கு அனுப்பினார். ஜன்னல் வழியே நேசபாய் பார்த்துக்கொண்டு நின்றாள். குளோரி அந்த மீசையை உற்றுப் பார்த்து, அது அசைந்தபோதெல்லாம் ஏதோ ஒன்றை எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். படித்த பிள்ளையை இப்படியா போட்டு வதைப்பது?

இன்ஸ்பெக்டரின் வில்வண்டி போனதும் நேசபாய் உள்ளே வந்தாள். ஜெபதாஸ் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்.

"ஏ குளோரி, நாளைல இருந்து நீ வரண்டாம். அம்மைட்ட சொல்லிரு."

பிள்ளைகள் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். தன்னைப் பாராட்டிவிட்டார் என்று நினைத்தாளோ என்னவோ, குளோரி சிரித்தாள். சார் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள, வழக்கம்போல நேசபாயின் வாயைப் பார்த்தாள்.

நேசபாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குளோரி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, அந்தத் தலைப்பை மெல்லப் பிடித்து இழுத்தாள்.