கலைமதியின் இடது காது

காது பரிசோதனை வகுப்பில் மாணவிகள் ஒருவரை ஒருவர் சோதித்துப் பழக வேண்டும். கலைமதிக்கு ஜோடி ஆன்சி. சத்தம் புகாத சின்ன அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள் கலைமதி. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காது சீக்கிரம் முடிந்தது. இடது காதுக்கு ஆன்சி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் மாறியது.

மெஷின் கோளாறு என்றுதான் இருவரும் நினைத்தார்கள். பேராசிரியை பிரேமலதா வந்து, வலது காது குறுக்கே வராதபடி அதில் இரைச்சலைக் கொடுத்துவிட்டு இடதை மறுபடி சோதித்தார். கலைமதி பொத்தானைத் தொடவேயில்லை. அந்தக் காது கேட்கவில்லை என்பது பத்தொன்பது வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது.

சொந்த ஊரான லால்குடிக்குப் போய் அம்மாவிடம் கேட்டாள். நாலு வயதில் பொன்னுக்குவீங்கி வந்து ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாளாம். அதில்தான் காது போயிருக்க வேண்டும். சொல்லும்போதே அம்மா அழுதுவிட்டாள். கலைமதிக்கு அழுகை வரவில்லை. போனை வலது காதிலேயே வைப்பது, மன்னார்புரத்தில் ரோட்டைக் கடக்கும்போது ஹாரன் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் முழிப்பது, கூப்பிட்டால் திரும்பாத தலைக்கனக்காரி என்று பள்ளியில் வாங்கிய பேர் என எல்லாவற்றுக்கும் இப்போது காரணம் கிடைத்தது. இன்னும் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கத் துடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகரில் ஆன்சி வீட்டு மொட்டைமாடியில் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆன்சி நாலு பக்கமும் மாறி மாறி நின்று இருபது தரம் கைதட்டினாள். கலைமதி பதினேழு தரம் வலது பக்கமே கைகாட்டினாள். அப்புறம் ஆன்சியை விடாமல் தட்டச் சொல்லி, தலையை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். சத்தம் கூடுவதும் குறைவதும் வழி காட்டியது. பொழுது சாய்வதற்குள் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னாள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி பிரேமலதாவிடம் கொடுத்தாள். அவர் அதைப் பற்றி அவளை வகுப்பில் பேச வைத்தார்.

கடைசி வருடப் பயிற்சிக்காக ஓர் ஆஸ்பத்திரியில் நேர்காணல் நடந்தது. கலைமதி தன் காதைப் பற்றி மறைக்கவில்லை. அங்கிருந்த டாக்டர் தயங்கினார்.

"ஒரு காதை வச்சுக்கிட்டு இந்த வேலையை எப்படிம்மா பாப்ப?"

"மெஷினைச் சரிபார்க்க ஒரு காது போதுங்க மேடம். சோதனையில கேக்க வேண்டியது பேஷன்டுதான். அவங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் கேக்கலைன்னா, அவங்ககிட்ட என்னென்ன விசாரிக்கணும்னு எனக்குத் தெரியும்."

அவள் கையோடு கொண்டுவந்திருந்த அந்த மொட்டைமாடி நோட்டை டாக்டர் வாங்கி, நின்றபடியே நாலைந்து பக்கம் படித்தார். மறுவாரம் பயிற்சிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. சேர்ந்த அன்று கலைமதி முதலில் செய்தது, பேஷன்ட் உட்காரும் நாற்காலியைத் தூக்கித் தன் வலப்பக்கம் போட்டதுதான்.