மூன்று விரல் தள்ளி

எங்கள் மொட்டைமாடிக்கு நேரெதிரே ஒரு மெத்தை விளம்பரம் நிற்கிறது. மூன்று மாடி உயரம். அதில் ஒரு பெண் தலையணையில் கன்னம் வைத்து, தூங்கிக்கொண்டே சிரிக்கிறாள். அவள் முகம் தெரிவதற்காக அடியிலிருந்து வரிசையாக விளக்குகள் எரிகின்றன. அவள் ஒருத்தி தூங்க, தெருவில் ஒருத்தருக்கும் தூக்கம் கிடையாது. அம்மா அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்திருக்கிறாள். பொழுது சாய்ந்து விளக்கு எரிந்ததும், "மகாராணி படுத்தாச்சு, ஜன்னலைச் சாத்து" என்பாள்.

அந்த வெளிச்சத்தில் நின்று நட்சத்திரம் பார்க்கக் கிளம்பியவள் நான்.

எங்கள் பரம்பரையில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் என்னுடையது. இயற்பியல் பட்டம். அந்தக் காலுக்குக் கிடைத்த வேலை, பார்சல் கிடங்கில் நாள் முழுக்க நின்றுகொண்டு பார்கோடு துப்பாக்கியால் பெட்டிகளைச் சுடுவது. நகரத்தின் நட்சத்திரக் குழுவில் சேர்ந்தபோது நுழைவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். செய்ததை மூன்று கூட்டங்களில் சொன்னார்கள். ஒரு கண்ணாடியும் இரவல் கொடுத்து, அதை நான் போட்டிருப்பதுபோல் படமெடுத்து, 'எல்லோருக்கும் வானம்' என்று தங்கள் இதழின் அட்டையில் போட்டார்கள். படம் எடுத்தது குளிரூட்டிய அறைக்குள். மேலே இருந்தது மின்விசிறி.

கண்ணாடி என்னவோ நல்ல கண்ணாடிதான். போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் நிஜ வானத்தின் மேலேயே நட்சத்திரங்களை வரைந்து காட்டும். நகரத்து வெளிச்சம் விழுங்கிவிட்டவற்றைக்கூட வெள்ளைப் புள்ளிகளாகத் திருப்பி வைத்துவிடும். நாம் தேடும் நட்சத்திரத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் விழும். நாம் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பது அதற்குத் தெரிவது உள்ளே இருக்கும் பொட்டளவு திசைகாட்டியால். இன்னொரு வசதியும் உண்டு: வட்டத்துக்குப் பக்கத்தில் நிஜமான ஒளிப்புள்ளி ஏதாவது இருந்தால், வட்டம் தானே நகர்ந்து அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தப் புள்ளிக்குப் பைனாகுலரைத் திருப்பி, எவ்வளவு பிரகாசம் என்று கணித்து அனுப்ப வேண்டியதுதான்.

எனக்குக் கொடுத்த நட்சத்திரத்துக்குப் பெயர் கிடையாது, எண்தான். வருடக்கணக்கில் ஒழுங்காக எரியும். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் தன்னைச் சுற்றித் தானே கரிப்புகையைக் கக்கிக்கொண்டு மங்கிவிடும். எப்போது என்று எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. அதனால்தான் உலகம் முழுக்க எங்களைப் போன்ற ஆட்கள் தினமும் அதைப் பார்த்து எழுதுகிறோம். நான் அதை அழுமூஞ்சி என்பேன். காரணம் சொல்லாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ரகம்.

அழுமூஞ்சியை நம்பி ஒரு காரியம் இருந்தது. மலைமேல் இருக்கும் வானாய்வகத்தில் ஒரு பயிற்சி இடம். தங்க அறை, படிக்க மேசை, இருட்டான வானம். எங்கள் குழுவிலிருந்து ஒருவரை அனுப்பலாம். யார் ஒழுங்காகப் பதிவு அனுப்புகிறாரோ அவர். நான் ஒழுங்காக அனுப்பினேன். டோம் சாரே எல்லோர் முன்னாலும், "இந்தப் பொண்ணைப் பாத்துக் கத்துக்கங்க" என்று சொல்லியிருந்தார். டோம் சார் குழுவின் தலைவர். வீட்டுக் கூரையில் சொந்தமாகச் சுழலும் கூண்டு கட்டி, அதற்குள் தொலைநோக்கி வைத்திருப்பதால் அந்தப் பெயர்.

மகாராணி மட்டும்தான் இடைஞ்சல். அவள் வெளிச்சத்தில் பைனாகுலரில் பால் ஊற்றியதுபோல் இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அப்பா கிரில் பட்டறையில் வெல்டர். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பட்டறையில் மிஞ்சிய இரும்பு ஷீட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி வந்தார். ஆள் உயரத்துக்கு மேல், மூன்று பக்கமும் அடைத்து, ஒரு பக்கம் நுழைய வழி விட்டு, மாடியில் மேலே திறந்த ஒரு மறைப்பு அடித்துவிட்டார். ஒவ்வொரு பற்றவைப்புக்கு முன்னாலும், "கண்ணை மூடிக்க பாப்பா" என்பார். பிறகு உள்ளே போகச் சொன்னார்.

"மகாராணி தெரியுறாளா?"

"இல்லப்பா."

"மேல?"

"வானம் தெரியுதுப்பா."

"அதைத்தானே கேட்ட. பாரு."

அம்மா படியில் நின்றுகொண்டு, "குளியலறைக் கதவு கேட்டு மூணு வருஷமாச்சு. பொண்ணு கேட்டா ஒரே நாள்ல கோட்டையே கட்டியாச்சு" என்றாள்.

"கதவு எங்க ஓடிடப் போகுது?"

"கதவே இல்லையே, எப்படி ஓடும்?"

அன்றிலிருந்து அதற்குக் கோட்டை என்று பெயர். இரண்டு பருவம் அதற்குள் நின்று பார்த்தேன். கிடங்கிலிருந்து வந்து, முகம் கழுவி, கால் கடுக்க மறுபடியும் நின்றேன். நிலா இருக்கும் நாட்களில் மட்டும் பார்ப்பதில்லை, அது குழுவின் விதி. கண்ணாடியின் ஓரத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் முக்கோணம் மின்னிக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் கேட்டேன். "அது எல்லாருக்கும் வரும்மா. தொந்தரவா இருந்தா ஆஃப் பண்ணிடு" என்றார் டோம் சார். ஆஃப் செய்தேன்.

டோம் சாரின் அழைப்பு வந்தது சாப்பாட்டு இடைவேளையில். கிடங்கின் பின்புறம், உடைந்த பெட்டிகளைக் குவித்து வைக்கும் இடத்தில் நின்று பேசினேன்.

"உன் நட்சத்திரம் எப்படிம்மா இருக்கு?"

"அப்படியேதான் சார் இருக்கு. நிலா வர்றதுக்கு முந்தின நாள்கூட அனுப்பினேனே."

"அதான் கேக்குறேன். ரெண்டு வாரமா அது மங்கிக்கிட்டே வருது. உலகம் பூராவும் எழுதுறாங்க. இப்ப பைனாகுலர்ல பாத்தா சுத்தமா தெரியாது. உனக்கு மட்டும் தினமும் அதே அளவு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் பாத்தேன் சார்."

"பாத்திருப்ப. கமிட்டில சிலர் வேற மாதிரி பேசுறாங்க. வீட்டுல உக்காந்துக்கிட்டே பழைய நம்பரையே திரும்பத் திரும்பப் போடுறான்னு. நான் சொல்லலம்மா. அவங்க சொல்றாங்க."

மேற்பார்வையாளர் விசில் ஊதினார். மிச்சப் பொழுது எத்தனை பெட்டியைச் சுட்டேன் என்று தெரியாது. பொய் சொல்லி மாட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போனேன். இன்னும் முழுதாக இருட்டவில்லை. அரை நிலா மேலே நின்றது. பார்க்கக் கூடாத நாள். விதி கிடக்கட்டும் என்று கோட்டைக்குள் நின்று கண்ணாடியைப் போட்டேன்.

வானத்தில் இரண்டு நிலா.

ஒன்று நிஜ நிலா. இன்னொன்று கண்ணாடி வரைந்த வெள்ளை வட்டம், கையை நீட்டி அளந்தால் மூன்று விரல் தள்ளி, வெறும் வானத்தில். புள்ளிகளோடு ஒட்டிக்கொள்ளத்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நிலாவோடு ஒட்டத் தெரியவில்லை. அதனால் பொய் பிடிபட்டது. நான் கோட்டையை விட்டு வெளியே வந்தேன். வெள்ளை வட்டம் மெல்ல நழுவிப் போய் நிஜ நிலாவின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. உள்ளே போனேன். மறுபடியும் விலகியது. வெளியே, உள்ளே, வெளியே. கீழேயிருந்து அம்மா, "மாடியில என்னடி பரேடு?" என்று கத்தினாள்.

இரும்புக்குப் பக்கத்தில் திசைகாட்டி கோணும். அது பள்ளிக்கூடப் பாடம். நான் பட்டம் வாங்கியவள். இரண்டு பருவமாக மூன்று பக்கமும் இரும்பு சூழ நின்றுகொண்டு, ஒரு திசைகாட்டி சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தேன். வட்டம் மூன்று விரல் தள்ளி விழுந்திருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு புள்ளியின் மேல் ஒட்டிக்கொண்டு, இதுதான் உன் நட்சத்திரம் என்று சாதித்திருக்கிறது. தெரியாத நட்சத்திரங்களையெல்லாம் அதுவே வரைந்து வைத்ததால், தப்பு என்று காட்டிக்கொடுக்க வானத்தில் ஆள் இல்லை. அழுமூஞ்சி எங்கேயோ புகையைக் கக்கிக்கொண்டிருக்க, நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரியைக் கண் வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு டோம் சார் வீட்டுக்குப் போனேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியில் பதிவு செய்திருந்த இரண்டு நிலாவையும் காட்டினேன். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. நிம்மதியான சிரிப்பு.

"இரும்புப் பெட்டிக்குள்ள நின்னுக்கிட்டு ஒருத்தர் பாப்பாங்கன்னு யாரும்மா நினைப்பா?"

"அந்த மஞ்சள் முக்கோணம் இதுக்குத்தான் சார் வந்திருக்கு. ஆஃப் பண்ணச் சொன்னது நீங்க."

"நானா? பொதுவா சொல்லியிருப்பேன்." தேநீரை நகர்த்தி வைத்தார். "நீ ஊருக்கு வெளிய போய்ப் பாத்திருக்கலாமே. கார்ல முக்கால் மணி நேரம்."

"எந்தக் கார்ல சார்?"

அவர் கோப்பையைப் பார்த்தார். பிறகு, "நான் நம்புறேம்மா. கமிட்டியும் நம்பணும்ல. அந்தப் பெட்டியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பேசிப் பாக்குறேன்" என்றார்.

சாயங்காலம் நான் போனை எடுத்துக்கொண்டு மாடியேறியபோது அப்பா பட்டறையிலிருந்து வந்துவிட்டார்.

"எதுக்கு போட்டோ?"

"குழுவுல கேட்டாங்க."

"கோட்டையையா?"

"ம்."

அவர் கீழே ஓடினார். திரும்பி வரும்போது சட்டை மாற்றியிருந்தார். தலையில் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தார். பின்னாலேயே அம்மா, "பொண்ணு பாக்க வரும்போதுகூட இப்படிச் சீவல, எங்கப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்" என்றபடி வந்தாள். அப்பா கோட்டையின் மூலையில் கையை வைத்து, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

"வெல்டிங் தெரியுற மாதிரி எடு பாப்பா. ஒரு இடத்துல பிசிறு இருக்காது."

"நீங்க வேணாம்பா. ஷீட் மட்டும் போதும்."

"ஓ." நகர்ந்தார். முழுதாக நகரவில்லை. படத்தில் அவர் கை வந்திருந்தது. வெட்டிவிட்டு அனுப்பினேன்.

பதில் வர நாளாகவில்லை. விளக்கம் ஏற்கப்பட்டதாம். என் நேர்மையில் யாருக்கும் சந்தேகம் இல்லையாம். ஆனால் பதிவுகள் தவறான நட்சத்திரத்தைச் சேர்ந்தவை என்பதால் எல்லாமே நீக்கப்படுகின்றன. பதிவே இல்லாத ஒருவரைப் பரிந்துரைக்க விதியில் இடமில்லை. பயிற்சி இடம் வேறொருவருக்குப் போகிறது. கண்ணாடியை இந்த வாரத்துக்குள் ஒப்படைக்கவும். வானத்தின் மீதான தங்கள் ஆர்வம் வளர வாழ்த்துகள். கடிதத்தின் தலைப்பில் அவர்களுடைய புதுச் சின்னம்: மின்விசிறியை அண்ணாந்து பார்க்கும் நான்.

பொய் சொன்னாள் என்று துரத்தியிருந்தால் சண்டை போட ஒரு ஆளாவது இருந்திருப்பார். நம்பிவிட்டார்கள். நம்பியும் ஒன்றும் மாறவில்லை. இனி யாரிடம் போய் என்னத்தைக் கத்துவது?

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் மாடியேறினேன். மகாராணிக்கு இன்னும் விளக்கு போடவில்லை. அப்பா முன்னதாகவே வந்து, தரையில் ஒயரை இழுத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு புது ஷீட்டைச் சாய்த்து வைத்திருந்தார். மிச்சச் சரக்கு இல்லை. துரு பிடிக்காத, முழு ஷீட்.

"என்னப்பா இது?"

"நுழையுற பக்கம் தெருவிளக்கு அடிக்குதுல்ல. அங்கயும் ஒரு கதவு போட்டுட்டா ஒரு பொட்டு வெளிச்சம் வராது."

"குளியலறைக்கு வாங்குனதா?"

"அதுக்கு அப்புறம் பாத்துக்கலாம். உங்கம்மாகிட்ட சொல்லாத." கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார். "போட்டோ பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

அவர் நெற்றியில் வெல்டிங் முகமூடியை ஏற்றி வைத்திருந்தார், நான் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொள்வதுபோல. பட்டறையில் வருடக்கணக்காக நெருப்பைப் பார்த்து ஓரம் சிவந்து போன கண்கள். பதிலுக்குக் காத்திருந்தன.

"உறுதியா இருக்குன்னாங்க."

"பின்ன?" என்றார். கழுத்து வரைக்கும் சந்தோஷம். "புயலடிச்சாலும் அசையாது. வா, இந்த முனையைப் பிடி."

பிடித்தேன். ஷீட் கனமாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ம், அங்கதான். அசைக்காத." முகமூடியை இறக்கிக்கொண்டார். "கண்ணை மூடிக்க பாப்பா."

மூடிக்கொண்டேன்.