சம்பூர்ணத்தின் காதும் என் காதும்

ஜவ்வாது மலையில் கல்யாணமோ காதுகுத்தோ திருவிழாவோ, எதுவானாலும் முதலில் வந்து இறங்குவது என் ஸ்பீக்கர் பெட்டிகள்தான். வேனில் ‘ராஜாக்கண்ணு சவுண்ட் சர்வீஸ்’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். நான் பாட்டுப் போட்டால் எதிர்மலையில் சாமை அறுப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அப்பேர்ப்பட்டவனின் பெண்டாட்டி காதில் இலவம்பஞ்சை அடைத்துக்கொண்டு திரிந்தால் எப்படி இருக்கும்?

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். சம்பூர்ணம் கெட்டிக்காரி, சிரித்த முகம். ஆனால் கரண்டி தட்டில் பட்டால் அந்த முகம் சுருங்கிவிடும். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்பே வாசலுக்கு ஓடிவிடுவாள். பக்கத்து வீட்டில் புளி தட்டினால் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்வாள். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். நான் வாயைத் திறந்தாலும் இரண்டு கையும் காதுக்குப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“நான் பேசுறது அவ்ளோ கசக்குதா உனக்கு?” என்று ஒருநாள் கத்தியே விட்டேன். மறுநாள் காலை துணிப்பையை எடுத்துக்கொண்டு அமிர்தியிலிருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான்கு மாதம் ஓடிவிட்டது. புருஷனைப் பிடிக்காமல் போய்விட்டாள் என்று ஊர் பேசியது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெளியே மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன், வீட்டுக்குள் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அப்போதுதான் அவளுடைய தம்பி கோகுல்ராஜ் போன் செய்தான். “மாமா, அக்காவ வேலூருக்குக் கூட்டிம்போறேன். காது டெஸ்ட் எடுக்குற மேடம் உங்களையும் வரச் சொல்றாங்க” என்றான். மூன்று தடவை சொல்லவைத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவன் போனில் டவர் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மேடத்தின் பெயர் பிரியதர்ஷினி. எந்தெந்தச் சத்தம், எவ்வளவு நேரம், வலிக்கிறதா, கோபம் வருகிறதா என்று சம்பூர்ணத்திடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

“கோவம்லாம் இல்லீங்க மேடம். ஊசி வெச்சு குத்துற மாரி வலிக்குது.”

“உங்க வீட்டுக்காரர் மேல வருத்தமா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. கேட்காததே நல்லது என்று சுவரைப் பார்த்தேன்.

பிறகு அவளைக் கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். மிக மெல்லிய சத்தத்துக்கும் டக்கென்று கையைத் தூக்கினாள். அடுத்து, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தாங்க முடியாதபோது கையைத் தூக்கச் சொன்னார் மேடம். மற்றவர்கள் தொண்ணூறு, நூறு டெசிபல் வரை தாங்குவார்களாம். இவள் அறுபதிலேயே தூக்கிவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

“அறுபதுங்கிறது நாம சாதாரணமா பேசுற சத்தம்” என்றார் மேடம். “இவங்களுக்குக் காது நல்லா கேக்குது. ஆனா சின்ன சத்தத்தையும் மூளை பெருசாக்கிக் காட்டுது. இது நடிப்பும் இல்ல, திமிரும் இல்ல. இதுக்குப் பேரு ஹைப்பர்அக்யூசிஸ்.”

“அக்கா சிஸ்டரா? இவளுக்கு அக்காவே கெடையாதுங்க மேடம், ஒரே ஒரு தம்பிதான்” என்றேன்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க எப்பவுமே இவ்ளோ சத்தமாத்தான் பேசுவீங்களா?”

“மெதுவாத்தானே பேசுறேன்!”

பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“நீங்களும் உள்ள போய் உக்காருங்க” என்றார் மேடம்.

எனக்கென்ன பயம்? உட்கார்ந்தேன். கண்ணாடி வழியே மேடத்தின் விரல் பட்டனை அழுத்துவது தெரிந்தது. ஆம்ப்ளிஃபையரில் எரியும் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளைப் பார்த்துத்தான் நான் சத்தம் வைப்பது வழக்கம், காதைத் தொந்தரவு செய்வதில்லை. அதே பழக்கத்தில் விரல் அசைந்தபோதெல்லாம் கையைத் தூக்கினேன். நான்கும் சரி. மேடம் சிரித்தபடி கை மேல் ஒரு ஃபைலை வைத்து மறைத்துக்கொண்டார். அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. நான் காத்திருந்தேன்.

வெளியே கூப்பிட்டதும், “ஆரம்பிக்கலாமா மேடம்?” என்றேன்.

“முடிஞ்சிருச்சுங்க. ஃபைல வெச்சு மறச்சப்புறம் பதினெட்டு தடவ சத்தம் குடுத்தேன். ஒண்ணுக்குக்கூட நீங்க கை தூக்கல.”

பதினைந்து வருடமாக ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றதில் என் இரண்டு காதும் மந்தமாகிவிட்டதாம். சவுண்ட் சர்வீஸ்காரனுக்குச் சவுண்டே கேட்கவில்லை! சம்பூர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்ததில் எனக்கு அவமானம்கூட மறந்துபோயிற்று.

“அப்போ தலைய குனிஞ்சிக்கினு இன்னா சொன்ன?” என்று கேட்டேன். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் கேட்கவில்லை. மேடம் அவளைக் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, எழுந்து நின்று, வராண்டா முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

“அவங்களுக்கு உங்க பேச்சு ரொம்பப் புடிக்குமாம்! சத்தந்தான் தாங்கலையாம்! மெதுவா பேசுங்கன்னு மூணு வருஷமா உங்ககிட்ட சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்களாம்!”

வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்! நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

மருந்து மாத்திரை எதுவும் இல்லை. பஞ்சை எடுத்துவிட வேண்டும் என்றார் மேடம். எந்நேரமும் அடைத்துவைத்தால் காதுக்கு இன்னும் பதற்றம் கூடுமாம். மழைச் சத்தம் மாதிரி ஒன்றை மிகக் குறைவாக ஓடவிட்டு, வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டிக் காதைப் பழக்க வேண்டும். எனக்குக் காது மிஷின்.

“மிஷினா? ஊரே சிரிக்கும்” என்று முறைத்தேன்.

சம்பூர்ணம் என் காதருகே வந்து, “நீங்க மிஷின் மாட்டுனா நான் பஞ்ச எடுத்துட்டு வூட்டுக்கு வர்றேன்” என்றாள். அது மட்டும் ஒரே தடவையில் கேட்டது.

மிஷினை மாட்டிக்கொண்டு அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மழைச் சத்தம் ஓடவிடச் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து, சத்தம் கூட்டும் நாபைச் சுற்றிக் குங்குமத்தால் புள்ளிகள் வைத்தேன். வாரம் ஒரு புள்ளி. அந்த நுணுக்கத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வலித்தால் ஒரு புள்ளி பின்னால் போவோம். அவசரமே கிடையாது. குக்கரை வெளியே வைத்து நானே சமைத்தேன், அதில் என் சாம்பாரின் ருசியையும் ஊர் கண்டுகொண்டது, அது வேறு கதை.

இந்த ஆடித் திருவிழாவுக்கு ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தேன். அதன் நாபிலும் புள்ளிகள் வைத்திருந்தேன்; நாப் அவள் கையில். “இன்னாபா ராஜாக்கண்ணு, ஸ்பீக்கர் ரிப்பேரா?” என்று கேலி பேசினார்கள். கொஞ்ச நேரத்தில், “அட, இந்தப் பாட்டுல இவ்ளோ வார்த்தை இருக்குதா!” என்றார்கள்.

சாமி தேரில் ஏறியது. ஊரே கை தட்டியது. நான் பதறிப்போய் அவளைப் பார்த்தேன். கைகள் காதுக்குப் போகவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தபடி, அவளாகவே நாபை ஒரு புள்ளி கூட்டினாள்.