ரெண்டு நாள் பழக்கம்

எழும்பூரில் ரயில் வந்து நின்றபோது தாமரை நல்ல தூக்கத்தில் இருந்தாள். தோளில் பிள்ளையும் கையில் பையுமாக முத்துலட்சுமி இறங்கியதைப் பார்த்து வைரவன் ஓடிவந்தான். பையை வாங்கிக்கொண்டான். பிள்ளையை வாங்கக் கை நீட்டவில்லை.

"வாங்க மதினி. அண்ணாச்சி வரலையா?"

"ஒர்க்‌ஷாப்புல வேல கெடக்கு."

அது பொய். முத்துலட்சுமியின் புருஷன் பொன்ராஜ், "நீயே போயிட்டு வா, என்னால அங்க வந்து சிரிச்சுப் பேச முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் அவர்களை ரயிலேற்றி விட்டிருந்தார்.

தாமரை முத்துலட்சுமி பெற்ற பிள்ளையல்ல. தங்கை சுடர்கொடி பெற்றது. பிரசவத்துக்குக் கோவில்பட்டிக்கு வந்தவள், பிள்ளை பிறந்த பத்தாம் நாள் காய்ச்சலில் விழுந்து, எழுந்திருக்கவே இல்லை. வைரவனுக்குத் தி. நகரில் வளையல், கிளிப்பு விற்கிற கடை. தனி ஆள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? கல்யாணமாகி இத்தனை வருஷமும் மடி நிறையாத முத்துலட்சுமி பிள்ளையை எடுத்துக்கொண்டாள். புட்டிப்பால் கொடுத்தாள், தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். முதல் பல் வந்ததைப் பார்த்தவர் பொன்ராஜ்தான். தெருவில் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

இரண்டு மாதத்துக்கு முன் வைரவன் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டான். பிள்ளையைத் தாங்களே வளர்த்துக்கொள்கிறோம் என்று பிறகு போன் வந்தது. பெற்ற தகப்பன் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? முதல் பிறந்தநாள் முடிந்ததும் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் ஒரு சனி, ஞாயிறு வந்து தங்கினால் பிள்ளைக்கு வீடும் ஆளும் பழகிவிடும் என்றுதான் இந்தப் பயணம்.

வீடு மயிலாப்பூரில், மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் இருந்தது. வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள் பூஜா. ஒல்லியான பெண், சுடிதார் போட்டிருந்தாள். "வாங்கக்கா" என்றவள் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டாள். உள்ளே புதுத் தொட்டில், குளிக்க வைக்கும் தொட்டி, ரப்பர் ஷீட்டு எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். பால் புட்டிகளைக் கொதிக்கவைத்துத் துணிமேல் கவிழ்த்திருந்தாள். குற்றம் கண்டுபிடிக்கவே வந்திருந்த முத்துலட்சுமியின் கண், சமையலறை மூலையிலும் ஜன்னல் கம்பியிலும் அலைந்துவிட்டு வெறுமனே திரும்பியது.

பிள்ளையோ பூஜாவிடம் போகவே மாட்டேன் என்றது. அவள் கை நீட்டும்போதெல்லாம் முத்துலட்சுமியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அந்த ஈர மூச்சு கழுத்தில் படுந்தோறும், 'என் தங்கம்' என்று முத்துலட்சுமி மனதுக்குள் கொஞ்சிக்கொண்டாள்.

சாயங்காலம், பிள்ளைக்கு உடுப்பு எடுக்கலாம் என்று பூஜா பாண்டி பஜாருக்குக் கூட்டிப்போனாள். சனிக்கிழமைக் கூட்டம். கடையை விட்டு வர முடியாது என்று வைரவன் சொல்லிவிட்டான். முதல் கடையிலேயே தாமரை தூக்கக் கலக்கத்தில் சிணுங்கி, பிறகு வீறிட ஆரம்பித்தாள். "நான் பாக்கறேன்க்கா" என்று பூஜா வாங்கிக்கொண்டு, நடைபாதையில் இங்கும் அங்கும் நடந்தாள். பலூனைக் காட்டினாள். தட்டிக்கொடுத்தாள். பிள்ளை முதுகை வில்லாக வளைத்துக் கத்தியது.

முத்துலட்சுமி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தாமரைக்குத் தூக்கம் வரும்போது கையில் பிடித்துக்கொள்ளத் துணி வேண்டும், காது மடலைத் தடவிவிட வேண்டும். அது தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. கத்தட்டும் என்றிருந்தது.

போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பூஜா தோற்றுப்போய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு பயமா கீதுக்கா. எங்க வூட்ல எல்லாம் திட்றாங்க. 'கொழந்த அங்கயே வளரட்டும், நாளைக்கு உனுக்கே ஒண்ணு பொறக்கும், எதுக்குடி இழுத்துப் போட்டுக்கிற'ன்னு. நான்தான் கேக்கல."

"வைரவன் தம்பிதான கேட்டாரு?"

"அவரா? அவர் வோணாம்னாருக்கா. கொழந்தைய பாத்தா உங்க தங்கச்சி நெனப்பு வந்துடும்னு பயந்துகினு இருந்தாரு. பெத்த பொண்ண ஊர்ல உட்டுட்டு நாம இங்க இன்னா குடும்பம் நடத்தறதுன்னு நான்தான் சண்ட போட்டேன். போன் பண்ண வெச்சதே நான்தான்."

இந்தப் பெண் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் போதும், தாமரை கடைசிவரை தன் பிள்ளையாகவே இருந்திருப்பாள். கோபம் கோபமாக வந்தது. ஆனால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அலறுகிற பிள்ளையைக் கீழே விடாமல் அணைத்துக்கொண்டிருப்பவளை என்ன சொல்லிக் கோபிப்பது?

"துப்பட்டா நுனிய அவ கையில குடு" என்றாள் முத்துலட்சுமி. "ம். இப்பம் காத மெதுவாத் தடவு. மேலருந்து கீழ."

மயிலாப்பூருக்குத் திரும்பும் ஆட்டோவில், தாமரை பூஜாவின் தோளில் வாய் பிளந்து தூங்கினாள். பூஜா மூச்சுவிடக்கூட பயந்தவளாக விறைத்து உட்கார்ந்திருந்தாள். முத்துலட்சுமி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை வைரவனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கபாலி கோயில் குளத்தில் மீன் காட்டப் போனான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "சிரிக்கையில அப்படியே சுடர்தான், மதினி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனான். பூஜா ஊட்டிய பருப்புச் சாதத்தைத் தாமரை பாதி துப்பி, பாதி தின்றாள்.

சாப்பாடு முடிந்து கை கழுவி வந்த முத்துலட்சுமி, "தம்பி, பிள்ள இங்கனயே இருக்கட்டும். நான் மட்டும் போறேன்" என்றாள்.

இருவரும் திகைத்துப் போனார்கள். "பொறந்தநாள் கழிச்சுன்னுதான மதினி பேசியிருந்தோம்?"

"இன்னொரு தடவ தூக்கிட்டு வந்து விட்டுட்டுப் போக எனக்குத் தெம்பு இல்ல. அவ உடுப்பெல்லாம் பார்சல்ல அனுப்பிவிடுதேன்."

பொன்ராஜிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் முகம் திரையை விட்டு விலகிப்போய்த் திரும்பி வந்தது.

"நான் சும்மா ரெண்டு நாளுன்னுல்லா ரயிலேத்தி விட்டேன்" என்றார் பிறகு. "தெரிஞ்சிருந்தா ஒரு தடவ நல்லாத் தூக்கியிருப்பேனே."

முத்துலட்சுமி போனைத் தாமரையிடம் நீட்டினாள். அவள் அவர் முகத்தை நக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பொன்ராஜும் சிரித்தார். உடனே போனை வைத்துவிட்டார்.

"தூங்கறப்ப கெளம்பிடுங்கக்கா, இல்லாட்டி அழும்" என்றாள் பூஜா.

"வேண்டாம். முழிச்சு என்னத் தேடும். நான் போறதப் பாக்கட்டும்."

சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. இடுப்பில் பிள்ளையோடு பூஜா கீழே இறங்கி வந்தாள். முத்துலட்சுமி பிள்ளையின் உள்ளங்கால் இரண்டிலும் முத்தமிட்டாள். சூடான, மண் படாத கால். "காய்ச்சல்னா எந்நேரமானாலும் போன் பண்ணு. நீயா மருந்து குடுக்காத" என்றாள். "சரிக்கா, சரிக்கா" என்று பூஜா தலையாட்டினாள்.

தாமரைக்கு ஆட்டோவைப் பார்த்ததும் ஒரே குஷி. வண்டி கிளம்பியதும், குஷி தாங்காதபோது செய்வதுபோல இரண்டு கையையும் ஆட்டினாள். தன்னையும் ஏற்றிக்கொள்வார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. மார்க்கெட் முனை திரும்பும்வரை முத்துலட்சுமி வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காலையில் கோவில்பட்டி பிளாட்பாரத்தில் பொன்ராஜ் நின்றிருந்தார். சவரம் செய்யாத முகம். அவள் தோளையும் கையையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார். ரயில் கிளம்பிப் போகும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

"ரொம்ப அழுதாளா?"

"இல்ல. டாட்டா காட்டுனா."

"ஒரு கையாலயா?"

"ரெண்டு கையாலயும்."

பொன்ராஜ் சரி சரி என்று தலையை ஆட்டினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க நனைந்துகொண்டே இருந்தது.